மார்கழிக் காற்றில் சைக்கிள் பயணம்!

மார்கழி மாதம். விடியற்காலை 5 மணி. காரைக்குடியில் கோவில் ஒலிபெருக்கிகள் பாடத் தொடங்கிவிட்டன. வாசலில் பெண்கள் கோலம் போடுகிறார்கள். பால் கேன்களைக் கட்டிக்கொண்டு ஒரு சைக்கிள் வந்து நிற்கிறது.

திண்ணையில் நிற்கும் ஆச்சி கேட்கிறார்:

"என்னப்பா, பல்லு இப்படித் தந்தி அடிக்குது?"

"வாடைக் காத்து ஆச்சி! சைக்கிள்ல ஏறினா உயிர் போகுது. இறங்கி நின்னா ஒண்ணும் தெரியலை."

செட்டிநாட்டுத் தெருக்களில் ஆண்டுதோறும் கேட்கிற பேச்சுதான் இது. ஆனால் இதற்குள் ஒரு விஞ்ஞானமே அடங்கி இருக்கிறது!

ஒரே தெரு. ஒரே நேரம். ஒரே குளிர். நிற்கும்போது தெரியாத குளிர், சைக்கிளில் ஏறியதும் எங்கிருந்து வருகிறது?

எண்ணெய்ப் பாட்டில் சொல்லும் சேதி

செட்டிநாட்டுக் குளிர் ஊட்டிக் குளிர் அல்ல. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வெப்பநிலை சுமார் 20 டிகிரிக்கு இறங்கும். அவ்வளவுதான். லண்டன்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவருக்கு அது கோடைக் காலம்!

ஆனால் சித்திரை வெயிலில் வெந்து பழகிய உடம்புக்கு 20 டிகிரியே குளிர்தான்.

வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையே, எப்படித் தெரிந்துகொள்வது? இருக்கிறது! தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைப் பாருங்கள். வெப்பநிலை சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். காலையில் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிப் போயிருந்தால், சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை தேவை என்று அர்த்தம்.

காற்று கழற்றும் சட்டை

மனித உடம்பின் உள் வெப்பநிலை 37 டிகிரி. தோலின் வெப்பநிலை அதைவிடச் சற்றுக் குறைவு. தோலை ஒட்டினாற்போல் ஒரு மெல்லிய காற்றுப் படலம் எப்போதும் இருக்கும். உடம்புச் சூட்டில் அதுவும் இளஞ்சூடாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சட்டை என்றே அதைச் சொல்லலாம்.

அசையாமல் நின்றால் அந்தச் சட்டை உடம்பிலேயே இருக்கும். காற்று அடித்தால்? அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். உடம்பு மறுபடியும் சூடு கொடுத்துப் புதுச் சட்டை தைக்கும். காற்று அதையும் பிடுங்கும். இந்தப் போராட்டம்தான் குளிர்.

இலை அசையாத நாளிலும் சைக்கிளில் போனால் குளிருவது ஏன் என்பது இப்போது புரியும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் விட்டால், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடிக்கிறது. அது சாதாரணக் காற்று அல்ல. மரத்தின் சிறு கிளைகளை ஆட்டும். மெல்லிய துணிக் கொடியை விரித்துப் பறக்க வைக்கும்.

அந்தக் காற்றை உண்டாக்குவது யார்? வாடை அல்ல. சைக்கிள் விடுகிறவரேதான்!

காற்று எப்படிக் குளிரைக் கூட்டுகிறது என்று முதன்முதலில் அளந்து பார்த்தவர்கள் இரண்டு அமெரிக்கர்கள். பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்பது அவர்கள் பெயர். இடம், பனி உறைந்த தென்துருவக் கண்டம். பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் ஊற்றி வெளியே காற்றில் தொங்கவிட்டார்கள். எந்த வேகக் காற்றில் அது எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று குறித்துக்கொண்டார்கள். 1945-ஆம் ஆண்டில் அந்தக் கணக்கு வெளியாயிற்று. பனி கொட்டும் நாடுகளில் வானிலை அறிக்கையோடு "காற்றுக் குளிர்" என்று ஓர் எண்ணையும் இன்று சேர்த்துச் சொல்வதற்கு அதுவே ஆரம்பம்.

இப்போது கையாளப்படும் கணக்கு 10 டிகிரிக்குக் கீழேதான் செல்லும். காரைக்குடிக்கு அது பொருந்தாது. எண் பொருந்தாவிட்டால் என்ன? பல் தந்தி அடிப்பது நிற்கப்போவதில்லை!

வாடை வரும் வழி

சொந்தக் காற்று போதாது என்று வானத்துக் காற்றும் சேர்ந்துகொண்டால்தான் தொல்லை.

தமிழர்கள் நாலு திசைக் காற்றுக்கும் நாலு பெயர் வைத்தார்கள். தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து கொண்டல். மேற்கிலிருந்து கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. அந்த வாடையின் பெயரிலேயே நக்கீரர் ஒரு பாட்டுப் பாடி இருக்கிறார். பத்துப்பாட்டில் ஒன்றாகிய "நெடுநல்வாடை" அது.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் காற்று தஞ்சை, புதுக்கோட்டைச் சமவெளியைத் தாண்டிச் செட்டிநாட்டுக்குள் நுழைகிறது. வழியில் தடுக்க மலை இல்லை. பெருங்காடும் இல்லை. பொட்டல் வெளியும் கண்மாய்க் கரையும்தான். மழைக்குப் பிறகு கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். அதன் கரைமேல் போகும் சாலையில் சைக்கிள் விட்டவர்களுக்கு, அந்த இடத்தின் ஈரக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் இருக்கும் திசையைப் பொறுத்துச் சிலருக்கு யோகம் அடிக்கிறது!

தேவகோட்டை காரைக்குடிக்குத் தெற்குப் பக்கம் உள்ளது. அங்கிருந்து காலையில் காரைக்குடிக்கு வருகிறவர், வடக்கு நோக்கிக் காற்றை எதிர்த்து மிதிக்க வேண்டும். கஷ்டம்தான். ஆனால் மாலையில் வேலை முடிந்து களைத்துத் திரும்பும்போது, காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர்க்காரர்களின் கதை வேறு. அந்த ஊர்கள் வடக்கே இருக்கின்றன. காலையில் காற்று துணை வருகிறது. களைத்துப்போன மாலையில் எதிரியாகிறது. போதாக்குறைக்கு, பொதுவாக விடியற்காலையில் காற்று தணிந்திருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் வலுக்கும். எனவே பகலில் திரும்புகிறவர்கள், வந்தபோது ஆன நேரத்தையே நம்பிப் புறப்படக்கூடாது.

எதிர்காற்றின் கணக்கு மிகவும் பொல்லாதது. 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளுக்கு எதிரே 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், முகத்தில் அடிப்பது 25 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு. இந்தக் கணக்கில் எதிர்காற்றுக்காரர் சந்திக்கும் தடை, காற்றில்லாத நாளைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு! அப்போது பழைய வேகத்தைப் பிடிவாதமாகக் காப்பாற்றுவது வீண். மெதுவாக மிதித்தால் குளிரும் குறையும். மூச்சும் மிஞ்சும்.

டச்சுக்காரர்களின் கூத்து

எதிர்காற்றைக் கண்டு ஓடுகிறவர்கள் உண்டு. தேடிப் போகிறவர்களும் உண்டு! நெதர்லாந்து நாட்டில், கடல் புகாமல் தடுக்கக் கட்டிய ஒரு பெரிய அணைமேல் "எதிர்காற்றுச் சைக்கிள் பந்தயம்" நடத்துகிறார்கள். 2013-ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயம் இது. தூரம் 8.5 கிலோமீட்டர். புயற்காற்று வீசும் நாளாகப் பார்த்து, சில தினங்களுக்கு முன்புதான் தேதியை அறிவிப்பார்கள்.

அங்கே பந்தய சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. கியர் இல்லாத, நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கிற, சாதாரண வீட்டுச் சைக்கிள்தான். காரைக்குடிப் பால்காரர் ஒருவரை அங்கே அனுப்பி வைத்தால் என்ன ஆகும் என்று தெரியாது. சைக்கிள் அவருக்குப் புதிதாக இருக்காது!

சைக்கிளும் செட்டிநாடும்

சைக்கிளுக்கும் செட்டிநாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. சென்னை அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டு உருவான டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தை இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கியது முருகப்பா குடும்பம். அந்தக் குடும்பத்தின் சொந்த ஊர் பள்ளத்தூர்! ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் அங்கிருந்துதான் ஊர் ஊராகப் போயின.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கிராமத்துப் பெண்கள் எழுத்தும் படித்தார்கள், சைக்கிளும் படித்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலாராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் சேலையோடு சைக்கிள் ஏறிய காட்சியை நாடே வியந்து பேசியது. பின்னர் அரசாங்கம் பள்ளி மாணவ மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கிற்று. மோட்டார் சைக்கிள் பெருகிவிட்ட இந்த நாளிலும், பனியில் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாகனம் அந்தச் சைக்கிள்தான்.

முன்னால் உட்காரும் குழந்தை

பெற்றோர் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு.

சைக்கிள் மிதிப்பவரின் உடம்பில் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்தை ஓட்டுகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாகிறது. அதனால் மிதிப்பவருக்குப் பத்து நிமிஷத்தில் வேர்த்துவிடும்.

முன் பாரில் உட்கார்ந்திருக்கும் குழந்தை மிதிக்கிறதா? இல்லை. அதன் உடம்பில் அப்படி வெப்பம் உண்டாவதில்லை. எதிரே வரும் காற்றை முதலில் வாங்குவதும் அதுதான். அதாவது, தகப்பனுக்குக் காற்றுப் படாமல் தடுக்கும் சுவராகக் குழந்தை உட்கார்ந்திருக்கிறது! எடையோடு ஒப்பிட்டால் சிறு குழந்தைக்குத் தோலின் பரப்பும் அதிகம். சூடு சீக்கிரம் வெளியேறும்.

"எனக்கே வேர்க்கிறது. பிள்ளைக்கு என்ன குளிர்?" என்று தகப்பன் நினைப்பது இயற்கை. ஆனால் அந்தக் கணக்கு தவறு. தனக்கு ஒரு சட்டை போதும் என்றால் குழந்தைக்கு இரண்டு வேண்டும். காது மூடும் குல்லாவும் வேண்டும். நடுவில் ஒருமுறை நிறுத்திக் குழந்தையின் கை, கால், கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் பின்னால் கேரியரில் உட்கார வைக்கலாம். பெரியவரின் முதுகு காற்றை மறைக்கும். ஆனால் கால் தொங்க விடுவது ஆபத்து. பின் சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பியில் குதிகால் சிக்கிக் கிழிவது அடிக்கடி நடக்கும் விபத்து. சக்கரத்துக்குத் தடுப்பும், கால் வைக்கப் படியும் இருந்தால்தான் பின்னால் ஏற்ற வேண்டும்.

பத்திரிகையே கவசம்!

பெரியவர்கள் என்ன உடுப்பது? கம்பளிச் சட்டை வாங்க வேண்டுமா? தேவை இல்லை. செட்டிநாட்டில் அதை வருஷத்தில் பத்து மாதம் பெட்டியில்தான் வைத்திருக்க வேண்டும்.

தடுக்க வேண்டியது குளிரை அல்ல, காற்றை. அதுவும் முன்புறம் மட்டும். அதற்கு ஒரு பழைய செய்தித்தாள் போதும்!

இது வேடிக்கைப் பேச்சு அல்ல. பிரான்ஸ் நாட்டில் 1903-ஆம் ஆண்டு முதல் நடக்கும் "டூர் டி பிரான்ஸ்" உலகப் புகழ் பெற்ற சைக்கிள் பந்தயம். வீரர்கள் வேர்க்க விறுவிறுக்க மலை ஏறுவார்கள். உச்சியிலிருந்து கீழே இறங்கும்போது குளிர்காற்று நெஞ்சைப் பிளக்கும். அந்த இடத்தில், சாலை ஓரத்து ஜனங்கள் நீட்டும் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவது அவர்களின் பழைய வழக்கம். இன்னொரு பொருத்தம்: அந்தப் பந்தயத்தைத் தொடங்கியதே ஒரு பத்திரிகைதான்!

பருத்திச் சட்டையின் நூல் இடுக்குகளில் காற்று புகுந்துவிடும். காகிதத்தில் புகாது. மடித்த தாள்களுக்கு நடுவே தங்கும் காற்று சூட்டையும் வெளியே விடாது. பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே, கழுத்திலிருந்து வயிறு வரை, நாலைந்து தாளை மடித்து வைத்தால் போதும். படித்து முடித்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது! வேர்வையில் நனைந்த தாளை எறிந்துவிட வேண்டும்.

ஒரே தடித்த சட்டையைவிட இரண்டு மெல்லிய சட்டைகள் மேல். வேர்க்கும்போது ஒன்றைக் கழற்றிவிடலாம். புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும் என்பது குளிர் நாட்டுச் சைக்கிள்காரர்களின் கணக்கு. வாசலிலேயே கதகதப்பாக இருந்தால், பாதி வழியில் பனியன் நனைந்துவிடும். நனைந்த துணியில் காற்றுப் பட்டால் உடுத்தியதே வினை.

ஈரத் தலைக்கும் இதே கதைதான். மார்கழியில் விடியுமுன் குளித்துவிட்டுக் கோவிலுக்குச் சைக்கிளில் போகிறவர்கள் ஏராளம். மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஈரத் தலையில் காற்றுப் பட்டாலும் அதே வேலை நடக்கிறது. ஐந்து நிமிஷம் துவட்டிவிட்டுப் போனால் கோவில் ஓடிவிடாது.

கைவிரலுக்குக் கையுறை இல்லாவிட்டால் பழைய காலுறையை மாட்டிக்கொள்ளலாம். பார்க்க வேடிக்கையாக இருக்கும். குளிருக்குத் தெரியவா போகிறது? ஆனால் புறப்படும் முன்பே பிரேக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பிடி வழுக்கினால் வேண்டாம்.

மப்ளரும் லாரியும்

காதை இறுக மூடிக் கழுத்தில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் சிலர். குளிர் போகும். ஆனால் பின்னால் வரும் லாரியின் சத்தமும் சேர்ந்து போய்விடும்! திருச்சி சாலையிலும் மதுரை சாலையிலும் வண்டிகள் எந்த வேகத்தில் வருகின்றன என்று அந்தப் பக்கத்தார் அறிவார்கள். மெல்லிய துணி ஒரு சுற்று போதும். நுனி தொங்கக்கூடாது. மப்ளர், துண்டு, தாவணி, துப்பட்டா எதுவானாலும் சக்கரத்தில் சுற்றினால் கழுத்துக்கே ஆபத்து. நுனியைச் சட்டைக்குள் செருகிவிட வேண்டும்.

பனி மூட்டத்தில் இன்னொரு தொல்லை உண்டு. சைக்கிள் விடுகிறவர் எதிரே வரும் லாரியின் விளக்கைப் பார்த்துவிடுவார். லாரிக்காரர் சைக்கிளைப் பார்க்கமாட்டார். ஒரு காலத்தில் விளக்கில்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். அந்தப் பயத்திலாவது டைனமோ சுற்றியது. இன்று பயமும் இல்லை, பல சைக்கிள்களில் விளக்கும் இல்லை. பின் மட்கார்டில் சிவப்புப் பளபளப்பான் ஒன்று ஒட்டுவதற்கு ஒன்றும் பெரிய செலவு ஆகாது. சாம்பல் நிறப் போர்வையைவிட வெள்ளைச் சட்டை நல்லது.

பனி ஈரத்தில் சக்கரத்து இரும்பு விளிம்பில் பிரேக் கட்டை வழுக்கும். முன்கூட்டியே இரண்டு மூன்று தடவை லேசாகப் பிடித்துவிட்டால் ஈரம் துடைபட்டுவிடும்.

"காத்து அடிச்சிருச்சு!"

குளிர்காற்றின் பெயரால் ஜனங்கள் செய்யும் பெரிய தவறு வேறொன்று. எது வந்தாலும் "காத்து அடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதுதான் அது.

குளிர்காற்று பட்டு மூக்கில் நீர் வடிவது சகஜம். ஆனால் ஜலதோஷத்தைக் கொண்டுவருவது காற்று அல்ல. கண்ணுக்குத் தெரியாத வைரஸ் கிருமி. அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்காற்று உண்மையிலேயே பகை. வேகமாக மிதித்து, வாயால் மூச்சு வாங்கும்போது மூச்சுக்குழாய் சுருங்கும். மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டால், உள்ளே போகும் காற்று சற்றுச் சூடாகும். முதல் பத்து நிமிஷம் மெதுவாக மிதிக்க வேண்டும். டாக்டர் கொடுத்த இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் இருந்து பயன் இல்லை.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்த அழுத்தம் ஏறும். இருதயத்துக்கு வேலை கூடும். எதிர்காற்றில் மிதிப்பது அதற்குமேல் ஒரு சுமை. வயதானவருக்கு அப்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்து, இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், "வாயுப் பிடிப்பு, குளிர்" என்று சொல்லிக்கொண்டு வீடுவரை மிதிக்கக் கூடாது. அந்த இடத்திலேயே இறங்கி உட்கார வேண்டும். 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

முகம் ஒரு பக்கம் கோணினாலும் அப்படித்தான். "காதில் காத்துப் புகுந்தது" என்று எண்ணெய் தடவிக் காத்திருக்கிறார்கள். அது முக நரம்பின் கோளாறாக இருக்கலாம். மூளையின் ரத்தக் குழாய் அடைத்து வந்த பக்கவாதமாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று டாக்டர்தான் சொல்ல முடியும். ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சுக் குளறுகிறது என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தை, நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். ஒரு பொழுது காத்திருந்து பார்ப்போம் என்றால் அந்த நேரம் கடந்துவிடும்.

குளிரைப் போக்க மது அருந்துவதாகச் சிலர் சொல்வார்கள். அருந்தியதும் சூடு பிறப்பதுபோல் தோன்றும். தோலுக்கு ரத்தம் அதிகமாக ஓடுவதால் வரும் மயக்கம் அது. அந்த ரத்தத்தின் சூடு காற்றோடு போய்விடும். உடம்பு முன்னைவிடக் குளிரும். சைக்கிளும் நேராகப் போகாது.

சுக்கு மல்லிக் காப்பிக்கு அந்தக் குற்றம் இல்லை. போய்ச் சேர்ந்ததும் வேர்த்த பனியனை முதலில் மாற்றிவிட்டு, பிறகு குடிக்கலாம். விரல் மரத்துப் போயிருந்தால் அடுப்பில் காட்டக் கூடாது. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். இரண்டு கையையும் ஒன்றோடொன்று தேய்த்துவிட்டு, சற்று ஆறிய காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.